ஒரே ஓர் இரவுதான் என்றால்: கிரேட்ஃபுல் டெட் இசையை இன்று யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் வடகிழக்கில் வசிக்கும் நண்பர் ஒருவர், கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பழைய ஒலிப்பதிவுகளை ஓராண்டாகக் காரில் கேட்டுப் பழகியபின், அந்த இசையை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்து என்னிடம் வழி கேட்டார். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் அலுவலகம் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஓர் இரவுக்குமேல் அவரால் ஒதுக்க இயலாது. டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா, ஜோ ருஸ்ஸோஸ் ஆல்மோஸ்ட் டெட், கூஸ் என்று மூன்று பெயர்களை அவர் எழுதி வைத்திருந்தார். மூன்றில் எது சிறந்தது என்பது அவருடைய கேள்வி. மூன்றும் ஒரே சரக்கை விற்கும் மூன்று கடைகள் அல்ல என்பது என் பதில். தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாமல் போன அந்தப் பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கதவு மூடிவிட்டது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட், முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்தியது. 1995 ஆகஸ்ட் 9 அன்று முதன்மைக் கிதார் கலைஞர் ஜெரி கார்சியா இறந்ததும் அந்தப் பெயரோடு மேடையேறுவது நின்றது. எஞ்சியவர்கள் பல பெயர்களில் தொடர்ந்தார்கள். 2015இல் சான்டா கிளாராவிலும் சிகாகோவிலும் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். அதே ஆண்டில் ஜான் மேயரைக் கிதாருக்கு அழைத்துக்கொண்டு டெட் அண்ட் கம்பெனி என்ற குழு உருவானது. அதன் ஊர்சுற்றும் பயணம் 2023 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் முடிந்தது. பின்னர் லாஸ் வேகாஸ் ஸ்ஃபியர் அரங்கில் இரண்டு தொடர்களும், 2025 ஆகஸ்ட் முதல் மூன்று நாள்களில் கோல்டன் கேட் பூங்காவில் அறுபதாம் ஆண்டு நிகழ்ச்சிகளும் நடந்தன. பேஸ் கலைஞர் ஃபில் லெஷ் 2024 அக்டோபரில் மறைந்தார். மூல உறுப்பினர்களை மேடையில் பார்ப்பதையே குறிக்கோளாகக் கொண்டவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. அந்தப் பாடல்கள் மேடையில் எப்படி வாழ்கின்றன என்பதை அறிய விரும்புகிறவருக்கே இது உதவும்.

பாடல் என்பது இங்கே சற்று ஏமாற்றும் சொல். இந்த இசையில் எழுதி முடிக்கப்பட்ட பகுதி நான்கைந்து நிமிடங்களே இருக்கும். அதற்குப்பின் குழு முழுவதும் திறந்த வெளிக்குள் இறங்கிவிடும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனோதர்மம் புதிய செய்தி அல்ல என்றாலும், ஒருவர் விரித்துப் பாட மற்றவர் பின்தொடர்ந்து வாசிக்கும் முறையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆறேழு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். யார் தலைமை என்பது நொடிக்கு நொடி மாறும். ஒரு பாடல் முடியாமலேயே இன்னொன்றாகிவிடும். இடைவேளை விட்டு இரண்டு பகுதிகளாக நடக்கும் நிகழ்ச்சியில், இரண்டாம் பகுதியின் நடுவே மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, தாளக் கலைஞர்கள் மட்டும் நெடுநேரம் வாசிக்கும் கட்டம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு அந்த இடத்தில் கால் தரிக்கும். நம் பக்கத்து மெய்யான உறவும் ஒன்று உண்டு: குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட பிளானட் டிரம் தொகுப்பில் ஜாகிர் உசேனுடன் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்தார், உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருது அந்தத் தொகுப்புக்கே கிடைத்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா 1997 நவம்பரில் சிகாகோவின் சிறிய அரங்கு ஒன்றில் தொடங்கியது. கிரேட்ஃபுல் டெட்டின் மிக நீண்ட தேடல்களுக்குக் களமாக இருந்த ஒரு பாடலிலிருந்து அதன் பெயர் வந்தது. கேட்பதற்கு விந்தையானதாகத் தோன்றும் ஒரு முறையை அந்தக் குழு கைக்கொண்டது: பல இரவுகளில், டெட் குழு ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓர் ஊரில் வாசித்த பாடல் வரிசையை அப்படியே, அதே ஒழுங்கில், மறுபடி வாசிப்பது. எந்த நாள், எந்த ஊர் என்பதை நிகழ்ச்சி முடிந்தபிறகே மேடையிலிருந்து அறிவிப்பார்கள். மற்ற இரவுகளில் வரிசையைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள்.

இதைப் பிரதி எடுப்பது என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அரங்கில் நின்று கேட்டபோது அந்த எண்ணம் மாறியது. அவர்கள் மீட்டெடுப்பது சுரங்களை அல்ல, அந்தக் காலகட்டத்தின் ஒலியையும் நடையையும். தேர்ந்தெடுத்த இரவு 1972ஆம் ஆண்டுக்குரியது என்றால் ஒரே ஒரு டிரம்ஸ்தான் மேடையில் இருக்கும். ஏனெனில் மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகி 1974 அக்டோபரில்தான் திரும்பினார். பெண் குரல் ஒலித்தால் அது டோனா காட்ஷா பாடிய 1972க்கும் 1979க்கும் இடைப்பட்ட இரவாக இருக்க வேண்டும். கிராண்ட் பியானோவின் தெளிந்த ஒலி கேட்டால் கீத் காட்ஷாவின் காலம்; ஹேமண்ட் ஆர்கனின் கரகரப்பும் அதனுடன் ஓர் உயர்ந்த ஆண் குரலும் சேர்ந்து கேட்டால் 1979 ஏப்ரலில் சேர்ந்து 1990 ஜூலையில் இறந்த பிரென்ட் மிட்லண்டின் காலம். பழகிய ரசிகர்கள் முதல் மூன்று பாடல்களுக்குள் ஆண்டைக் கணித்துவிடுவார்கள். இடைவேளையில் ஊரைப் பற்றிய வாதம் நடக்கும். வரிசை தெரிந்ததுதான் என்றாலும், ஒரு பாடலுக்குள் நுழைந்தபின் வாசிப்பது அன்றைய இரவின் கற்பனைதான். பல்லவி பழையது, நிரவல் புதியது என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

இந்தக் குழுவின் குறையும் இங்கேயே இருக்கிறது. தேர்ந்த இரவு ஒன்றின் வரிசையை எடுத்துக்கொண்டால், அந்த இரவின் வடிவமும் கூடவே வந்துவிடுகிறது. 1980களின் நடுப்பகுதியில் டெட் குழுவின் எல்லா இரவுகளும் ஒளிர்ந்தவை அல்ல. அத்தகைய வரிசை ஒன்று உங்களுக்கு வாய்த்தால், வாசிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிகழ்ச்சி ஓரிடத்தில் தேங்கி நிற்பதை உணர்வீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்சியாவின் கிதார் ஒலிக்கு மிக அருகில் வருவதே இலக்கு என்னும்போது, அந்த அருகாமை சில கணங்களில் மகிழ்ச்சியையும், சில கணங்களில் இறந்தவர் அறைக்குள் இருப்பது போன்ற ஒரு சங்கடத்தையும் தருகிறது. இரண்டாவது உணர்வு எல்லோருக்கும் வருவதில்லை. எனக்கு வந்தது.

ஆல்மோஸ்ட் டெட் இதற்கு நேர் எதிரான கோட்பாட்டில் நிற்கிறது. டிரம்ஸ் கலைஞர் ஜோ ருஸ்ஸோ, கீபோர்டில் மார்கோ பெனவென்டோ, பேஸில் டேவ் டிரைவிட்ஸ், கிதாரில் ஸ்காட் மெட்ஸ்கரும் டாம் ஹாமில்டனும் என ஐவர் கொண்ட இந்தக் குழு, 2013 ஜனவரியில் புரூக்ளினில் ஒரே ஓர் இரவுக்காகக் கூடியது. அந்த ஓர் இரவு முடியவே இல்லை என்று சொல்லலாம். இங்கே யாரும் யாருடைய ஒலியையும் நகல் செய்வதில்லை. பாட்டின் சொற்களும் மெட்டும் டெட் குழுவினுடையவை. வேகம், அழுத்தம், திருப்பங்கள் எல்லாம் இந்த ஐவருடையவை. பொதுவாக டெட் குழுவின் தாளம் தளர்ந்த நடையில் உலவும். ருஸ்ஸோவின் டிரம்ஸ் அதை முன்னால் பிடித்துத் தள்ளும். மெதுவான பாடல் ஒன்று திடீரென இரட்டிப்பு வேகத்தில் பாயும். வேறொரு பாடலின் கீற்று நடுவில் தலைகாட்டி மறையும். அரங்கில் பாதிப்பேர் அதை அடையாளம் கண்டு கூவுவதற்குள் குழு வேறிடம் போயிருக்கும்.

இரண்டு குழுக்களுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. டெட் குழுவின் மூல உறுப்பினர்களான பாப் வீரும் ஃபில் லெஷும் 2009இல் ஃபர்தர் என்ற குழுவைத் தொடங்கியபோது, கிதாருக்கு டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ராவை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் கட்லசிக்கையும், டிரம்ஸுக்கு ஜோ ருஸ்ஸோவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒலியைக் காப்பவரும் ஒலியைக் கலைப்பவரும் ஒரே மேடையில் சில ஆண்டுகள் வாசித்தார்கள். மூலக் கலைஞர்கள் இருவருக்கும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். ஆகவே ஒன்று அசல், மற்றது போலி என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஆல்மோஸ்ட் டெட்டின் சிக்கல் கிடைப்பதில்தான் இருக்கிறது. ஐவருக்கும் தனித்தனிக் குழுக்களும் பணிகளும் உண்டு. அதனால் ஆண்டில் அவர்கள் கூடும் இரவுகள் குறைவு. பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டரில் உள்ள கேபிடல் தியேட்டர், கொலராடோவின் ரெட் ராக்ஸ் போன்ற இடங்களில் இரண்டு மூன்று இரவுகளாகக் கொத்தாக வாசிப்பார்கள். மாறாக டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றும் குழு. நடுத்தர நகரங்களுக்கும் வரும். நண்பரைப் போல் ஓர் இரவே உள்ளவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. கேபிடல் தியேட்டருக்கு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம் என்பதும், 1971 பிப்ரவரியில் மிக்கி ஹார்ட் விலகுவதற்குமுன் டெட் குழுவோடு கடைசியாக வாசித்த மேடை அதுவே என்பதும், முடிவெடுக்கும்போது நினைவில் கொள்ளத் தக்கவை.

இவ்விரண்டு பெரிய பெயர்களுக்குக் கீழே, அமெரிக்க நகரங்கள் பலவற்றின் மதுக்கூடங்களில் வாரம் ஒரு நாள் டெட் பாடல்களை மட்டும் வாசிக்கும் உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன. இவை இத்தனை எளிதாகத் தழைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவில் பாடலாசிரியர்களுக்குச் சேர வேண்டிய நிகழ்த்துரிமைக் கட்டணத்தை ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் பொது உரிமத்தின் வழியாக அரங்கு உரிமையாளரே செலுத்திவிடுவதால், வாசிக்கும் குழு ஒவ்வொரு பாடலுக்கும் தனி அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. பாடுவது எளிது, மூலக் குழுவின் சின்னத்தைச் சட்டையில் அச்சடித்து விற்பதுதான் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். நாஷ்வில்லில் 2023இல் பெண் வேடமிட்டு டெட் பாடல்களை வாசிக்கத் தொடங்கிய பெர்த்தா என்ற குழு இந்த வகையில் வந்த துணிச்சலான புது வரவு. பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு இரவு ஒன்பதுக்குக் கிளம்பி நள்ளிரவுக்குள் வீடு திரும்ப நினைப்பவருக்கு இந்த உள்ளூர் இரவுகளே மெய்யான வழி. எதிர்பார்ப்பை மட்டும் அரங்கின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

கூஸ் வேறு வகையைச் சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக்கில் 2014இல் உருவான இந்தக் குழு பெரும்பாலும் தன் சொந்தப் பாடல்களையே வாசிக்கிறது. 2022இல், ஃபிஷ் என்ற மூத்த குழுவின் கிதார் கலைஞர் டிரே அனஸ்டாசியோ, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் அவர்களுடைய மேடைக்கு விருந்தினராக வந்தார். அதே ஆண்டின் நவம்பரில் இருதரப்பும் சேர்ந்து ஒரு பயணம் போயின. 2025 ஜூனில் கூஸ் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசித்தது. பத்தாண்டுகளில் மதுக்கூடத்திலிருந்து இருபதாயிரம் பேர் கூடும் அரங்குக்கு உயர்ந்த குழுவைப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு: கூட்டத்தில் நிற்கும் இளைஞர்கள் தங்கள் காலத்துக் கதையின் நடுவே நிற்கிறார்கள், முடிந்த கதையை நினைவுகூரவில்லை. ஆனால் நண்பர் கேட்டது டெட் பாடல்களை. ஓராண்டு காரில் கேட்ட மெட்டு ஒன்று அரங்கில் எழும்போது உண்டாகும் புல்லரிப்பு, முன்பின் கேட்டிராத குழுவின் முப்பது நிமிட ஜாமில், அதாவது மேடையிலேயே கற்பனையாக விரியும் கூட்டு வாசிப்பில், கிடைக்காது. கூஸுக்குப் போவதென்றால் அதற்குமுன் ஒரு மாதம் அவர்களுடைய ஒலிப்பதிவுகளோடு வாழ வேண்டும். அவர்களே தம் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து விற்கிறார்கள் என்பதால் அது கடினம் அல்ல.

சொந்தப் பாடல் வாசிக்கும் குழு என்ற வரிசையில், நண்பர் எழுதாத இரண்டு பெயர்களை நான் சேர்ப்பேன். ஒன்று, 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபிஷ். 2017இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதின்மூன்று இரவுகள் வாசித்து, 237 பாடல்களில் ஒன்றைக்கூட இருமுறை வாசிக்காமல் முடித்த குழு அது. ஜாம் இசையை ஒரு துறையாகக் கற்க விரும்புகிறவர்கள் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. நகைச்சுவையும் கோணல் தாளங்களும் கலந்த அவர்களுடைய உலகம் ஒரே இரவில் பிடிபடுவது அரிது. மற்றொன்று, மிச்சிகனில் வளர்ந்த பில்லி ஸ்ட்ரிங்ஸ். டிரம்ஸே இல்லாமல், கிதார், பாஞ்சோ, மாண்டலின், பிடில், பேஸ் ஆகியவற்றை மட்டும் கொண்டு புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை மரபில் நின்றுகொண்டு நீண்ட ஜாம்களுக்குள் போகிறவர் இவர். ஜெரி கார்சியாவும் தொடக்கத்தில் பாஞ்சோ வாசித்தவர்தான் என்பதால், வேரிலிருந்து பார்த்தால் இவரே டெட் குழுவுக்கு மிக நெருங்கிய உறவினர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. புதிய குழுவைத்தான் பார்ப்பது என்று நண்பர் முடிவு செய்தால், கூஸைவிட இவரையே பரிந்துரைப்பேன்.

ஸ்ஃபியரைப் பற்றி இரண்டு வரி போதும். 17,600 இருக்கைகளைச் சூழ்ந்து எழும் அந்தத் திரையின் முன் கண் காதை வென்றுவிடுகிறது. படமும் ஒளியும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டியவை என்பதால், குழு திடீரென வேறு பக்கம் திரும்பும்போது திரை ஒருபக்கமும் இசை மறுபக்கமுமாகப் பிரிந்துபோகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்ப்பதை ரசிகர்கள் கவுச் டூர் என்று அழைக்கிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய வரம், ஆனால் பேஸ் ஒலி நெஞ்சில் வந்து மோதும் அனுபவத்தை எந்த ஒலிபெருக்கியும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

முடிவு செய்யும் முன் நண்பர் செலவின்றிச் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. டெட் குழு, தன் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய ரசிகர்களை அனுமதித்ததோடு, 1984இல் அவர்களுக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது; டேப்பர்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள், விலைக்கு விற்காமல் பண்டமாற்றாகப் பரப்பிய பதிவுகள் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ராவும் ஆல்மோஸ்ட் டெட்டும் அதே மரபைத் தொடர்வதால் அவர்களுடைய இரவுகளும் அங்கே கிடைக்கும். ஆகவே தனக்குப் பிடித்த ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து, 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் போன்ற பேர்பெற்ற டெட் இரவு ஒன்றில் அதையோ அதைப் போன்ற இன்னொன்றையோ முதலில் கேட்டுவிட்டு, பின்னர் இந்த இரு குழுக்களும் அதை எப்படி வாசிக்கின்றன என்பதை அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. முதல் குழுவைக் கேட்டுப் புன்னகைத்து, இரண்டாவதைக் கேட்டு முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது. முதல் குழுவைக் கேட்கும்போது, ‘இதற்குப் பழைய பதிவையே கேட்டுவிடலாமே’ என்று தோன்றினால் அதுவும் பதில்தான்.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் இரவுக்கு டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா. ஆல்மோஸ்ட் டெட் எனக்கு அதிகம் பிடித்த குழு; டெட் குழு உண்மையில் விட்டுச்சென்றது சுர வரிசையை அல்ல, ஆபத்தை நோக்கி நடக்கும் துணிவை என்று நம்புகிறவன் நான்; அந்தத் துணிவு ருஸ்ஸோவின் குழுவிடம்தான் அதிகம் இருக்கிறது. ஆனால் அவர்கள் எதைக் கலைக்கிறார்கள் என்பது தெரியாமல் போய் நிற்பவருக்கு அந்தக் கலைப்பின் சுவை பாதிதான் கிட்டும். மூலத்தின் நடை உடம்பில் ஏறியபிறகு கேட்க வேண்டிய குழு அது. ஆண்டுக்கு இரண்டு இரவுகள் கிடைக்கக்கூடியவர் என்றால், நான் தயங்காமல் ஆல்மோஸ்ட் டெட்டின் தொடர் இரவுகளில் இரண்டாவதையும் சேர்த்திருப்பேன்; முதல் நாள் வாசித்ததை அவர்கள் மறுநாள் திரும்ப வாசிக்க விரும்புவதில்லை என்பதால், இரண்டாம் நாளில் வழக்கத்துக்கு மாறான பாடல்கள் தலைகாட்டும். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை ஒருபோதும் தவறவிடாதே என்று ஃபிஷ் ரசிகர்களிடையே ஒரு வழக்கு உண்டு. திங்கட்கிழமை காலை அலுவலகம் போகிறவர்கள் யாரும் அதை உண்டாக்கியிருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்றை மட்டும் அவரிடம் வற்புறுத்திச் சொன்னேன். எந்தக் குழுவாக இருந்தாலும் இடைவேளையில் கிளம்பிவிடக் கூடாது. முதல் பகுதியில் சிறு பாடல்கள், தனித்தனியாக, முடிந்து முடிந்து வரும். நீண்ட பயணங்களும் பாடலிலிருந்து பாடலுக்கு நழுவுவதும் தாளக் கலைஞர்களின் தனிக் கட்டமும் இரண்டாம் பகுதிக்குரியவை. முதல் பகுதியோடு வீடு திரும்பியவர் கச்சேரியில் உருப்படிகளைக் கேட்டுவிட்டு, ராகம் தானம் பல்லவிக்குமுன் எழுந்துபோனவரைப் போன்றவர்.

நண்பர் கடைசியில், தம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு சனிக்கிழமை இரவில் நடக்கும் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார். இடைவேளையில், அன்று அவர்கள் வாசிப்பது எந்த ஆண்டின் இரவு என்று ஊகித்து ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டிரம்ஸ் ஒன்றா இரண்டா என்று முதலில் எண்ணச் சொல்லியிருக்கிறேன்.